அண்ணி வாயைத் திறக்காத காலம்

எங்கள் அண்ணிக்கு வாய் நீளம். கல்யாணமாகி வந்த அன்றைக்கே என் அப்பாவைப் பார்த்து, "இந்த ஃபேன் இப்படிக் கத்துதே மாமா, இத்தனை நாளா யாருக்கும் காது கேக்கலையா?" என்று கேட்டுவிட்டு, நாற்காலி போட்டு ஏறி அதைக் கழற்றியவள். புதுத்துணி கசங்குகிறதே என்று அம்மா பதறியது யார் காதிலும் விழவில்லை. அப்படிப்பட்டவள் ஒரு கோடைகாலம் முழுக்க வாயை மூடிக்கொண்டு இருந்தாள் என்றால், அது ஒருத்தரைக் கவிழ்க்கத்தான். நானும் அதற்கு உடந்தை, இன்றைக்கும் அதில் எனக்கு வெட்கம் கிடையாது.

அண்ணி இன்ஜினியர். வீட்டுச் சாமான்கள் செய்கிற ஒரு கம்பெனியில் ரிப்பேர் பிரிவுக்கு அவள்தான் தலைவி. என் அண்ணன், அதாவது அவள் புருஷன், அந்தக் கம்பெனியின் உதவாமல்போன மெஷின்களை எடுத்துவந்து பிரிக்கிற ஷெட் வைத்திருந்தான். பிளாஸ்டிக் ஒரு பக்கம், செம்பு ஒரு பக்கம், பேட்டரி தனியாக. அண்ணியால் பிழைக்கவைக்க முடியாதது அண்ணனிடம் வரும். "எனக்கு வேலை வராம பாத்துக்கறதுதான் உன் வேலையா?" என்று அவன் கிண்டல் செய்வான்.

அந்தக் கம்பெனியில் டிசைன் தலைவருக்கு எல்லோரும் வைத்த பெயர் மொழுமொழு. ஆளைப் பார்த்து வைத்ததல்ல, ஆள் ஒல்லிக்குச்சி. அவர் வரைகிற எதிலும் ஒரு ஸ்க்ரூ வெளியே தெரியக்கூடாது, இரண்டு பாகம் சேர்கிற கோடு தெரியக்கூடாது. எல்லாம் கூழாங்கல் மாதிரி இருக்க வேண்டும். ஸ்க்ரூ போட வேண்டிய இடத்திலெல்லாம் பசை.

அப்போது அங்கே வழக்கம் எப்படி என்றால், மொழுமொழு கதவைச் சாத்திக்கொண்டு வரைவார். வரைந்து முடித்ததும் அச்சு வெட்டுகிறவர்களிடம் தள்ளுவார். அவர்கள் பிளாஸ்டிக்கை வார்க்கிற அச்சை இரும்பில் வெட்டி, பாகங்களைப் பொருத்துகிறவர்களிடம் தள்ளுவார்கள். அங்கிருந்து கடைக்குப் போகும். கெட்டுப்போன பிறகு, எல்லோருக்கும் கடைசியாக, அண்ணியின் மேஜைக்கு வரும். "இதை எப்படிய்யா திறக்கறது?" என்று அவள் கத்தும்போது அச்சு வெட்டி வருஷக்கணக்காகியிருக்கும். வெட்டின அச்சில் ஓர் ஓட்டையைக்கூட இடம் மாற்ற முடியாது, புது அச்சுதான் செய்ய வேண்டும். அதனால் யாரும் அசையமாட்டார்கள். திறக்க முடியாத மெஷின்கள் மூட்டை மூட்டையாக அண்ணனின் ஷெட்டுக்கு வரும்.

அப்படி வந்ததில் ஒன்று கையடக்க வேக்குவம் கிளீனர். உள்ளே பேட்டரியைப் பசை போட்டு ஒட்டியிருந்தார்கள். அண்ணன் பிளேடை விட்டு நெம்பினான். பிளேடு வழுக்கிப் பேட்டரியில் குத்தியது. குபுக்கென்று தீ, மணல் வாளியைக் கவிழ்த்துத்தான் அணைக்க முடிந்தது. அன்றைக்குப் போன வலது கைதான், விரல்கள் ஒன்றோடொன்று இழுத்துக்கொண்டு, இன்றுவரை ஒரு டம்ளரைக்கூடப் பிடிக்காது.

கம்பெனி வைத்த விசாரணைக்கு மொழுமொழு வந்தார். கட்டுப்போட்ட கையோடு அண்ணன் எதிரில் உட்கார்ந்திருக்க, அவர் மெஷினைத்தான் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இது திறக்கறதுக்குச் செஞ்சதே இல்லையே. இவரை யார் திறக்கச் சொன்னது?" என்றார்.

ஐயோ, அந்த நேரம் அண்ணியின் முகத்தைப் பார்க்க வேண்டுமே! வீட்டுக்கு வந்து துணி துவைத்தாள். அடித்த அடியில் சட்டைப் பொத்தான்கள் தெறித்தன. "அந்த ஆளை மண்ணைக் கவ்வ வைக்கல, நான் மனுஷியே இல்ல" என்றாள். "விடாத அண்ணி, நான் இருக்கேன்" என்றேன். தையல் கடை வேலையை விட்டுவிட்டு அண்ணனின் முக்காலியில் நான் உட்கார்ந்தேன். ஷெட் நின்றால் வீடு நின்றுவிடும்.

அந்தச் சமயத்தில் கம்பெனிக்குப் புது டைரக்டர் மேடம் வந்தார். வந்த கையோடு பழைய வழக்கத்தை ஒழித்தார். இனிமேல் ஒரே மேஜை. முதல் கோடு போடுகிற நாளிலிருந்தே வரைகிறவர், அச்சு வெட்டுகிறவர், பொருத்துகிறவர், பெட்டியில் போடுகிறவர், ரிப்பேர் பார்க்கிறவர் எல்லோரும் சேர்ந்து உட்கார வேண்டும். "ஒரு சாமான் எப்போ குப்பைக்குப் போகும்ங்கறதை பேப்பர்லயே முடிவு பண்ணிடறோம். அதனால பேப்பர்லயே சண்டை போடுங்க, ரப்பர் வெச்சு அழிச்சுக்கலாம். அச்சு வெட்டினப்புறம் வந்து அழாதீங்க. அப்புறம் தப்புன்னு வந்தா வரைஞ்சவர் வீட்டுக்குப் போக வேண்டியதுதான்" என்றார்.

முதல் வாரமே அண்ணி ஷெட்டுக்கு ஓடிவந்தாள். முகமெல்லாம் பல்.

"மாட்டினான்டி! புது வேக்குவம் கிளீனர் வரைஞ்சிருக்கான். மறுபடியும் பசை. அதைப் பிளக்கறதுக்கு இருக்கறதே ஒரே ஒரு இடம். பிளேடு நுழையற அந்த இடத்துக்கு நேர் கீழ பேட்டரி!"

"சொன்னியா?"

"நான் எதுக்குச் சொல்றேன்? அச்சு வெட்டட்டும். கடைக்குப் போகட்டும். பேட்டரி செத்துச் செத்து எல்லாம் திரும்பி வரும்ல, அப்போ அந்த மேடமே அவன் கழுத்தைப் பிடிச்சு வெளிய தள்ளுவாங்க. நான் வாசல்ல நின்னு பாப்பேன்."

எனக்கும் குளுகுளுவென்று இருந்தது. அதன்பிறகு ஒவ்வொரு கூட்டமும் எங்களுக்கு ஒரு நாடகம். "ரிப்பேர் பக்கத்துல ஏதாவது சொல்லணுமா?" என்று மேடம் கேட்பார். "ஒண்ணும் இல்ல மேடம், ரொம்ப அழகா இருக்கு" என்பாள் அண்ணி. மொழுமொழுவுக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. அவளைப் பக்கத்து நாற்காலியில் உட்காரவைத்து, தன் கையாலேயே டீ ஊற்றிக் கொடுத்தாராம். "நீங்க எவ்வளவோ மாறிட்டீங்க" என்றாராம். அதை அண்ணி நடித்துக் காட்டியபோது நான் சிரித்த சிரிப்பில் எனக்குப் புரையேறிவிட்டது.

மறுநாள் அச்சு வெட்டப் போகிறார்கள் என்கிற அன்று, சாப்பிடும்போது அண்ணியால் சந்தோஷத்தை அடக்க முடியவில்லை. அதுவரை ஒளித்து வைத்திருந்ததை அண்ணனிடம் கொட்டிவிட்டாள். அவன் இடது கையில் ஸ்பூனைப் பிடித்துக்கொண்டு பொறுமையாகக் கேட்டான்.

"எத்தனை மெஷின் போடுவாங்க?"

"லட்சக்கணக்குல போடுவாங்க. அவ்வளவும் அவன் தலையில விடியும்!"

"அவனுக்கென்ன, வேலை போனா வீட்டுக்குப் போவான். அந்த மெஷின் எங்க வரும்?"

அண்ணன் என் கையைப் பார்த்தான். பிளேடு கீறின தழும்புகள் அதில் ஏற்கெனவே இருந்தன.

"இவ தலையிலதான் விடியும்" என்றான்.

"எனக்கு ஒண்ணும் ஆகாது, நான் ஜாக்கிரதையா இருப்பேன். அவன் ஒழியட்டும், நீ பேசாம இரு அண்ணி!" என்று கத்தினேன். மனதாரத்தான் கத்தினேன். அண்ணி பாதிச் சாப்பாட்டில் எழுந்துபோய்க் கை கழுவினாள்.

மறுநாள் மேஜையில் எல்லோரும் சரி என்று சொல்லிக்கொண்டு வந்தார்கள். அண்ணியின் முறை வந்தது. "வெட்டக்கூடாது" என்றாள். பேட்டரி எங்கே இருக்கிறது, பிளேடு எங்கே நுழையும், தன் புருஷன் கை எப்படிப் போயிற்று, அத்தனையும் சொன்னாள். மொழுமொழு துள்ளி எழுந்தார்.

"இவ்வளவு நாளா பக்கத்துலயே உக்காந்திருந்தீங்களே! இதை ஏன் முதல்லயே சொல்லல?"

"உங்களைக் கவுக்கணும்னுதான் சார்."

அறையில் ஒருவர் முகத்திலும் ஈயாடவில்லை. மேடம் அண்ணியை எல்லோர் முன்னாலும் கிழிகிழியென்று கிழித்தார். வரவேண்டிய பதவி உயர்வு போயே போயிற்று. பிறகு மொழுமொழு பக்கம் திரும்பி, புதுசை வரைவதற்கு முன்னால் ஷெட்டுக்குப் போய், பழைய மெஷினில் ஒன்றைத் தன் கையாலேயே பிரித்துவிட்டு வரச் சொன்னார்.

வந்தார். இஸ்திரி கலையாத வெள்ளைச் சட்டை. அண்ணனின் முக்காலியை நானே துடைத்துப் போட்டேன். அண்ணனைச் சுட்ட அதே வகை மெஷினைத் தேடி எடுத்து அவர் மடியில் வைத்தேன், பிளேடையும் கொடுத்தேன். அண்ணன் எதிரில் உட்கார்ந்திருந்தான். அண்ணி கையைக் கட்டிக்கொண்டு வாசலில் நின்றாள்.

அவர் அதைத் திருப்பினார். உருட்டினார். நகத்தால் சுரண்டினார். அவர் ஆசைப்பட்டபடியே அதில் ஒரு கோடுகூட இல்லை. பிளேடை வைத்தார், வழுக்கியது. மறுபடி வைத்தார். எதிரே அண்ணனின் கையைப் பார்த்தார். நெற்றியில் வியர்வை கோடு போட்டு இறங்கியது.

"இதை... இதை எப்படித் திறக்கறது?" என்றார்.

அண்ணி வாசலை விட்டு அசையவில்லை.

"இது திறக்கறதுக்குச் செஞ்சதே இல்ல சார்" என்றாள். "உங்களை யார் திறக்கச் சொன்னது?"

அவர் தலை நிமிரவில்லை. பிளேடு மட்டும் மெஷின்மேல் டக்டக்கென்று தட்டிக்கொண்டிருந்தது. அண்ணன்தான் பொறுக்கமாட்டாமல் என்னைப் பார்த்து, "மணல் வாளியை அவர் பக்கத்துல கொண்டுபோய் வை" என்றான்.

வைத்தேன். கொஞ்சம் தள்ளித்தான் வைத்தேன்.