கட்டத்துக்குள் என் கணவரின் பெயர்

லண்டன் வால்தம்ஸ்டோவில் எங்கள் வீட்டுப் பின்னறையில் இருந்துகொண்டு அமெரிக்க கொமிக்ஸ் புத்தகங்களுக்கு நான் நிறம் தீட்டுகிறேன். வரைபவர் ஓர் ஆண். கதாநாயகியின் முதுகையும் மார்பையும் ஒரே நேரத்தில் நம் பக்கம் திருப்பி வைத்திருப்பார். அப்படி நின்றால் எந்த மனிசிக்கும் இடுப்பு முறிந்துவிடும். நான் கோபத்தில் நிழலை அள்ளிப் பூசி மறைப்பேன். இன்னும் மினுக்கம் வேண்டும் என்று பதிப்பகத்திலிருந்து குறிப்பு வரும். திரும்பவும் சண்டை.

இந்தத் தொழிலில் முன்பு எத்தனையோ பெண்கள் மேசையில் குனிந்து நிறம் தீட்டினார்கள். அவர்கள் பெயர் அச்சாகவே இல்லை. அதை வாசித்து வயிறெரிந்தவள் நான். அதனால் என் முதல் புத்தகம் தபாலில் வந்ததும் முதல் பக்கத்துப் பெயர்க் கட்டத்தைத்தான் தேடினேன். எழுதியவர், வரைந்தவர், நிறம் தீட்டியவர் எல்லோருக்கும் குடும்பப் பெயரை மட்டும் போடுவது அந்தப் பதிப்பகத்தின் வழக்கம். எங்களுக்கு ஏது குடும்பப் பெயர்? கல்யாணத்துக்கு முன் அப்பாவின் பெயர், பிறகு கணவரின் பெயர். பாஸ்போர்ட்டில் இருந்ததை அப்படியே படிவத்தில் எழுதிக் கொடுத்தவள் நானேதான். நிறம் தீட்டியவர் என்ற இடத்தில் என் கணவர் இருந்தார்.

முதலில் சிரித்துவிட்டோம். "பிள்ளையளின்ர புத்தகம்தானே, விடும்" என்றார் அவர்.

அந்தச் சிரிப்பு வெஸ்ட் ஈலிங் கோவிலில், அன்னதான வரிசையில் நிற்கும்போது செத்தது. அவருடைய நண்பர் ஒருவர் ஓடி வந்தார்.

"அண்ணை, நீங்கள் கொமிக்ஸுக்கு கலர் அடிக்கிறியளாமே! மகள் காட்டினவள். உங்கட பேர் போட்டிருக்கு."

நான் தட்டோடு பக்கத்தில் நிற்கிறேன். இவர் வெட்கப்பட்டவர் மாதிரித் தலையைச் சொறிந்தார். "ஓம், ஏதோ ஏலுமானதைச் செய்யிறன்."

பச்சைப் பொய்! நீலத்துக்கும் ஊதாவுக்கும் வித்தியாசம் தெரியாத மனிதர்.

"அது நான் செய்யிறது" என்றேன்.

"ஓ, அக்காவும் உதவி செய்யிறவவோ?" என்றார் நண்பர். தட்டை அவர் தலையில் கவிழ்க்காமல் விட்டது அம்மன் செயல்.

வீட்டுக்கு வந்த கையோடு பதிப்பாசிரியருக்கு எழுதினேன். எனக்குக் குடும்பப் பெயர் கிடையாது, என் சொந்தப் பெயரை மட்டும் போடுங்கள் என்று. "ஆக்கள் என்ன நினைப்பினம்?" என்று இவர் இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்திருந்தார். நான் சமாதானப்படுத்தவில்லை.

அடுத்த இதழ் வந்தது. இவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கட்டத்தை இரண்டு தரம் பார்த்தார்.

"என்ர பேர் எங்கை?"

"நீங்கள் கலர் அடிச்ச பக்கத்தைக் காட்டுங்கோ, போடச் சொல்லுறன்."