கழுவிக் கொண்டுவந்த வண்டி

கடியப்பட்டணம் ஜெனிலாவுக்கு மீன் விற்பதில் ஒரு கஷ்டமும் இல்லை. விடியுமுன் குளச்சல் ஏலத்தில் நின்று, பத்து ஆண்களோடு மல்லுக்கட்டி, நல்ல சாளையும் அயலையும் எடுக்கத் தெரியும். ஸ்கூட்டரின் பின்னால் ஐஸ்பெட்டியைக் கட்டித் திருவட்டாறு வரை போய், நாற்பத்தாறு வீட்டு வாசலில் நின்று விற்கத் தெரியும். எந்த வீட்டுக்குச் சின்ன மீன் ஆகாது, எந்த வீட்டில் வெள்ளிக்கிழமை மீன் வாங்கமாட்டார்கள் என்பதெல்லாம் மனப்பாடம். அவளைப் பாடாய்ப் படுத்தியது அந்த ஸ்கூட்டர்தான். ஸ்கூட்டரை மட்டும் சொல்லி என்ன பயன், அதை எந்தப் பட்டறையில் விடுவது என்பதுதான் பெரிய தலைவலி.

அவளுடைய கணவன் ஆழ்கடலுக்குப் போனால் பத்துப் பன்னிரண்டு நாள் கழித்துத்தான் கரையேறுவான். வண்டி விவகாரமெல்லாம் அவள் தலையில்தான். கணவனின் சித்தப்பா மகன் பெனிட்டோ குளச்சலில் பட்டறை வைத்திருந்தான். அண்ணி முறையான அவளை மைனி என்று கூப்பிடுவான். சொந்தக்காரன் பட்டறை இருக்கும்போது வேறு இடத்துக்குப் போகமுடியுமா என்ன? பின்சக்கரம் ஆடுகிறது என்று கொண்டுபோனால், பேரிங் போய்விட்டது மைனி என்று சொல்லி மாற்றிக் கொடுப்பான். நாலு மாதம் ஓடும். மறுபடியும் ஆடும். மறுபடியும் பேரிங். ஏன் இப்படி ஆகிறது என்று கேட்டால், ரோடு அப்படி மைனி என்பான். அதே ரோட்டில்தானே ஊரே ஓடுகிறது!

ஒருமுறை பொறுக்கமாட்டாமல் மார்த்தாண்டத்தில் ஒரு பெரிய கடையில் விட்டாள். கண்ணாடிக் கதவு, ஏசி, உட்கார சோபா எல்லாம் உண்டு. வீட்டில் ஆண்கள் யாரும் இல்லையா, அவர்களை வரச் சொல்லுங்கள் என்றான் டை கட்டிய ஒருவன். ஓட்டுகிறது நான், ஆடுகிறது எனக்கு, அவர் வந்து என்ன சொல்லுவார் என்று கேட்டுவிட்டாள். வண்டி இரண்டு நாள் மூலையில் கிடந்ததுதான் மிச்சம். அவர்களும் பேரிங்கைத்தான் மாற்றினார்கள். இதற்குள் சங்கதி குளச்சலுக்குப் போய்விட்டது. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வெளியே வரும்போது பெனிட்டோவின் மனைவி சுபிதா முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டாள். நம்ம பிள்ளைக்க கடைய விட்டுட்டு அஞ்ச மார்த்தாண்டத்துல போய்ப் பணத்தக் கொட்டிட்டு வந்திருக்கியே என்று மாமியார் ஒரு வாரம் முணுமுணுத்தாள். சீ, இதென்னடா பிழைப்பு என்று இருந்தது ஜெனிலாவுக்கு. அடுத்த தடவை பேசாமல் பெனிட்டோவிடமே போனாள்.

இதில் இன்னொரு வேலையும் உண்டு. மீன் வண்டியைப் பட்டறைக்காரர்களுக்குப் பிடிக்காது. வரும்போது நல்லாக் கழுவிட்டுக் கொண்டாங்க மைனி என்று முதல்முறையே பெனிட்டோ சிரித்துக்கொண்டு சொல்லியிருந்தான். அவளுக்கும் கூச்சம்தான். பட்டறைக்குப் போகிறதுக்கு முந்தின சாயங்காலம் மோட்டார் போட்டு, ஹோஸ் பிடித்து, சோப்புப்பொடி தூவி, சக்கரத்தின் சந்துபொந்தெல்லாம் பீய்ச்சிக் கழுவுவாள். பிறகு, திடீரென்று வண்டி நின்றுபோனால் நாறுகிறது என்று பட்டறைக்காரன் திருப்பி அனுப்பிவிடுவானோ என்ற பயத்தில் வாரத்துக்கு இரண்டு தடவை கழுவ ஆரம்பித்தாள். வீட்டு போர்வெல் தண்ணீர் உப்பு. அதில் பருப்பு வேகாது என்று குடிக்கவும் சமைக்கவும் தெருக்குழாயில் பிடிப்பாள். வண்டி கழுவ அது போதாதா?

போன புதன்கிழமை வேர்க்கிளம்பி தாண்டியதும் பின்சக்கரம் கரகரவென்று கத்திக்கொண்டு இறுகிவிட்டது. பெட்டி நிறைய மீன். மணி எட்டு. இரண்டு மாதமாக மைக் கட்டிய மினி ஆட்டோவில் ஒருத்தன் அவளுடைய வீடுகளுக்கு மீன் கொண்டுபோகிறான். ஒன்பது வீடுகள் ஏற்கெனவே போய்விட்டன. நீ வருவியா மாட்டியான்னு தெரியாம எப்படிக் காத்திருக்க என்று வழக்கமாக வாங்கும் ரெஜிலா டீச்சரே முந்தின வாரம் கேட்டுவிட்டார். அவர் கேட்டதில் தப்பில்லை என்பதுதான் ஜெனிலாவுக்கு அதிகம் வலித்தது. இன்னும் இரண்டு மூன்று நாள் இப்படிப் போனால் எல்லா வீடும் போய்விடும். கண் கலங்க, ஆனால் அழாமல், வண்டியின் பின்பக்கத்தைத் தூக்கித் தூக்கித் தள்ளிக்கொண்டு போனாள்.

கண்ணில் பட்ட முதல் பட்டறை கிருஷ்ணமணி என்பவருடையது. தகரக் கூரை, ஒரு பழைய பெஞ்சு, அவ்வளவுதான். அன்றைக்கு வண்டி கழுவவில்லை. பெட்டியிலிருந்து தண்ணீர் சொட்டியது, செதிளும் ஒட்டியிருந்தது. அண்ணா, மீன் வண்டி, இன்னைக்குக் கழுவல்ல என்று அவளே முந்திக்கொண்டு சொன்னாள். அந்த மனிதர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. பெட்டியை நிழலில் இறக்கி வைக்கச் சொல்லிவிட்டுச் சக்கரத்தைக் கழற்றினார். பேரிங்கைப் பேப்பரில் தட்டினார். காப்பிப்பொடி போலத் துரு கொட்டியது.

"வெளிய சொட்டுத மீன்தண்ணி இதுக்குள்ள போவாது. இது ஹோஸ் வச்சு அடிச்சு உள்ள கேத்துன தண்ணி. உப்புத்தண்ணியா?"

ஆமாம் என்றாள். எத்தனை நாளாக என்று கேட்டார். மூன்று வருஷம் என்றாள்.

"பேரிங் மாத்துனவனுவ ஒருத்தனும் சொல்லல்லியா? திறந்தாலே தெரியுமே. இனிமே கழுவாண்டாம். நல்ல தண்ணியில துணிய நனைச்சுத் துடைச்சா போதும்."

ஜெனிலாவுக்கு உச்சந்தலையில் ஏறியது. அந்த இடத்திலேயே நின்று பெனிட்டோவுக்குப் போன் போட்டாள். கழுவினதால்தான் பேரிங் போகிறது என்று உனக்குத் தெரியுமா, தெரியாதா என்று ஒரே கேள்விதான் கேட்டாள். அவன் கொஞ்சம் இழுத்தான்.

"தெரியும் மைனி. அத நான் சொன்னா நீங்க கழுவாம அப்பிடியே கொண்டு வருவிய. கடையில நாலு பேரு வந்து நிப்பாவ. நாத்தம் அடிச்சா அவங்க வேற கடைக்குப் போயிருவாவ, பாத்துக்கிடுங்க."

மார்த்தாண்டத்துக்காரன் சொல்லியிருந்தால் அவளுக்கு இவ்வளவு வலித்திருக்காது.

"ஏலே பெனிட்டோ, ஒனக்க அம்மை தலச்சுமடா மீன் வித்துத்தான் ஒன்ன ஐடிஐ படிக்க வச்சா. அந்த நாத்தத்துலதான் நீ சோறு தின்ன."

அவன் என்னவோ சொல்ல வந்தான். அவள் போனை வைத்துவிட்டாள்.

புது பேரிங் மார்த்தாண்டத்திலிருந்து வரவேண்டும், சாயங்காலம் ஆகிவிடும் என்றார் கிருஷ்ணமணி. அவசரமென்றால் வேறு எங்காவது கொண்டுபோகிறீர்களா, இங்கேயே நிற்கட்டுமா என்று கேட்டார்.

"இஞ்சயே நிக்கட்டும்ணா" என்று சொல்லிவிட்டு, ரோட்டில் போன ஆட்டோவைக் கைதட்டி நிறுத்தி, திருவட்டாறு என்று சொல்லிப் பெட்டியை ஏற்றினாள் ஜெனிலா.