தம்பியின் தோளுக்குப் பின்னால் உட்கார்ந்த ஆந்தை

“அதான் வசந்தா, கேட்டியா கூத்த! ஃபிரேம் கடைக்காரரு எங்க தம்பிக்குக் கோட்டு மாட்டி, டை கட்டி, பின்னால நீல ஸ்கிரீனு போட்டுட்டாரு. உசுரோட கீறப்போ சட்டைக்கு முழுசா பட்டன் போட்டவனா அவன்? நான் சிரிச்ச சிரிப்புல கடையே திரும்பிப் பாத்துச்சு. உக்காரு, இப்பிடி ஃபேனாண்ட உக்காரு. வருச நெனவுக்குப் புக்கு போடறாங்கோ. எனக்கு எழுத எங்க தெரியும்? நான் சொல்றேன், கலா எழுதறா.”

பக்கத்து வீட்டு வசந்தாவிடம் நான் பேசுவதை என் மகள் கலா புத்தகத் தமிழாக்கி எழுதிக்கொண்டு வருகிறாள். யார் என்ன சொன்னார்களோ அதை மட்டும் அப்படியே போடச் சொல்லியிருக்கிறேன். அவளுடைய மாமாவை ‘அவர்’ என்று போட வேண்டுமாம். இடுப்பில் தூக்கி வளர்த்தவனை ‘அவர்’ என்றால் எனக்கே யாரோ போல இருக்கிறது. அவன்தான்.

தம்பி பிறந்தது நசரத்பேட்டையில். அம்மா போன பிறகு எனக்குக் கல்யாணமாயிற்று. சீர்ப் பாத்திரங்களோடு அவனும் வண்டியில் ஏறி இந்த நூம்பலுக்கு வந்துவிட்டான். என் வீட்டுக்காரர் ஒரு வார்த்தை சொல்லவில்லை, அதற்கே அவருக்குப் புண்ணியம். பெரியவனானதும் திருமழிசையில் லேத் பட்டறை வேலை. அங்கேதான் மெஷின் அவனுடைய ஆள்காட்டி விரலைத் தின்றது. பெண் பார்க்கப் போன இடத்தில் காபி டம்ளரை அவன் பிடித்த விதத்தைப் பார்த்துவிட்டு, பிறகு சொல்லி அனுப்புகிறோம் என்றார்கள். சொல்லி அனுப்பவேயில்லை. அதற்கப்புறம் ஒரு பழைய கேமராவை வாங்கி வந்தான். நடுவிரலால் அமுக்குவான். “எனக்குக் கண்ணு கீதுல்லக்கா, அது போதும்” என்பான்.

அப்போது நம் வீட்டுக்குப் பின்னால் குட்டை, குட்டைக்கரையில் பனை வரிசை, அதற்கு அந்தப் பக்கம் பூராவும் வயல். குட்டையில் இறங்கும் கொக்கு, வரப்பில் ஓடும் கீரி, விடியலில் தண்ணீருக்கு வரும் குள்ளநரி, எல்லாவற்றையும் படமாக எடுத்தான். ஒரு நாள் இரண்டு சாரைகள் பின்னிக்கொண்டு ஆள் உயரம் நின்றன. அவன் வயிற்றால் ஊர்ந்து போய்க் கேமராவைப் பிடித்திருக்கிறான். நான் ஓடிப் போய்ப் புது வேட்டியைப் பாம்புகள்மேல் வீசிவிட்டேன். பின்னிய பாம்புமேல் புதுத்துணி போட்டால் வீட்டுக்கு நல்லதாயிற்றே! படத்தில் விழுந்தது வேட்டி மட்டும்தான். “இன்னாக்கா, பாம்புக்குத் துணி காயப் போட வந்தியா?” என்று ஒரு மாதம் கேலி பண்ணினான்.

மொட்டைமாடியில் கேமராவை நிறுத்தி வானத்தையும் எடுப்பான். நட்சத்திரமெல்லாம் வளையம் வளையமாக, பெரிய கோலம் போல விழும். வருஷம் போகப் போகக் கோலத்தில் புள்ளிகள் குறைந்தன. பூந்தமல்லிப் பக்கம் வானம் பால் கொட்டிய மாதிரி வெளுத்துப் போனது.

“ஏன்டா, புள்ளியெல்லாம் எங்க?”

“அங்கயேதான் கீது. நம்மளுக்குத்தான் தெரியல.”

அதை ஏன் அவன் அவ்வளவு மெல்லச் சொன்னான் என்று கேட்க அப்போது எனக்குத் தோன்றவில்லை.

பிறகு வயல்கள் மனையாயின. குட்டையில் மண் கொட்டினார்கள். நரி போயிற்று. பனைகள் அந்தக் கோடியிலிருந்து ஒவ்வொன்றாக விழுந்தன. மிச்சம் இருப்பதையாவது பிடிப்போம் என்று, நம் வேலியோரப் பனைக்கு எதிரே ஒரு கம்பத்தில், தானாகப் படம் எடுக்கும் கேமராவைக் கட்டினான். குறுக்கே எது போனாலும் அது பிடித்து வைத்துக்கொள்ளும். பொழுது சாய்கிற நேரத்தில் போய் பேட்டரியைப் பார்ப்பான். சிவப்புப் புள்ளி மினுக்கினால் மாற்ற வேண்டும் என்று எனக்கும் சொல்லிக் கொடுத்தான்.

போன வருஷம் அப்படிப் போனவன்தான். டீ ஆறி ஆடை கட்டிவிட்டது. கூப்பிட்டுப் பார்த்துவிட்டுப் போனேன். பனையில் சாய்ந்து உட்கார்ந்திருந்தான், களைப்பாறுகிற மாதிரி. இதயம் நின்றுவிட்டது என்றார் டாக்டர்.

காரியத்துக்கு மாலை போட ஒரு படமில்லை. ஊரில் பறப்பது ஊர்வது எல்லாவற்றையும் எடுத்தவனை எடுக்க ஆளில்லாமல் போய்விட்டது. வெறும் விளக்கை வைத்துத்தான் கும்பிட்டோம். வருஷ நினைவுக்காவது அவன் முகத்தை மாட்ட வேண்டும் என்று எனக்கு ஒரே தவிப்பு. அப்போதுதான் கலாவுக்குக் கம்பத்துக் கேமரா ஞாபகம் வந்தது. கார்டைக் கம்ப்யூட்டரில் போட்டாள். அடடா, எத்தனை தம்பி! பேட்டரி பார்க்க வருகிறவனை அது தினமும் பிடித்து வைத்திருக்கிறது. நான் கை தட்டினேன்.

கலா தட்டவில்லை. “அம்மா, பின்னால பாரு” என்றாள்.

முதல் படங்களில் வெகு தூரத்துப் பனையில் இரண்டு வெளிச்சப் பொட்டு. அடுத்தடுத்த படங்களில் அந்தப் பனை இல்லை, பொட்டு பக்கத்துப் பனையில். அப்புறம் மோட்டார் ரூம் கூரையில். அப்புறம் காம்பவுண்டு சுவரில். கடைசிப் படத்தில் தம்பி பனையடியில் நின்று கேமராவைப் பார்த்துச் சிரிக்கிறான். அவன் தோளுக்குப் பின்னால், தாழ்ந்த மட்டையில், ராத்திரியில் ‘ஹ்ஸ்’ஸென்று சீறுமே, அந்த வெள்ளை முகத்து ஆந்தை. அதுவும் கேமராவைத்தான் பார்க்கிறது.

“மாமாவக் கூட்டிட்டுப் போகத்தான் கிட்ட கிட்ட வந்திருக்கு.”

“அடிப் போடி. ஒக்கார்ற மரத்தயெல்லாம் வெட்டிட்டா அது எங்க போவும்? நிக்கிற மரத்தாண்ட வந்துச்சு. மரத்தடியில இவன் நின்னான்.”

“இதுவும் போயிட்டா அடுத்து எங்க வரும்? நம்ம வீடுதானே இருக்கு?”



ஆந்தையோடு ஒரு படத்தை நடுவீட்டில் மாட்டினால் அடுத்த சாவு இந்த வீட்டில்தான் என்று சொந்தக்காரர்கள் எல்லோரும் பேசினார்கள். ஆந்தையை மட்டும் அழித்துத் தரச் சொல்லிப் பூந்தமல்லியில் ஃபிரேம் கடை வைத்திருக்கும் காதர் பாயிடம் கலா கொடுத்தாள். அவர் அழித்துவிட்டு, தன் பங்குக்குக் கோட்டும் போட்டார். ஆந்தை போனதும் தம்பியின் சிரிப்புக்கு அர்த்தமில்லை, வசந்தா. பின்னால் அது இருப்பது தெரிந்து, அசையாமல் நின்று சிரித்த சிரிப்பு அது. நீலத் திரைக்கு முன்னால் பயந்தவன் மாதிரி இருக்கிறான்.

“பாய், ஆந்தையோடவே போட்டுக் குடு.”

“ஆச்சிம்மா, அத எந்த ஊட்லயும் மாட்ட மாட்டாங்கோ.”

“எங்க ஊட்ல மாட்டுவோம்.”

அதை மாட்டினால் இங்கே கால் வைக்க மாட்டேன் என்றாள் கலா. அவன் முகம் வேண்டுமா, மகள் வேண்டுமா என்கிற மாதிரி ஆகிவிட்டது. போன வாரம் கார்டை மறுபடி எடுத்துப் பார்த்தவள் நாற்காலியைப் பின்னால் தள்ளினாள். எட்டிப் பார்த்தேன். நான்! தம்பிக்கு அப்புறம் பேட்டரி மாற்றுவது நான்தானே. பல் தெரியச் சிரித்துக்கொண்டு நிற்கிறேன், எவ்வளவு லட்சணம் தெரியுமா! என் தோளுக்குப் பின்னால் அதே மட்டை, அதே வெள்ளை முகம்.

“எனக்குப் படம் தேட வேணாம், பாத்தியா!” என்றேன். அவள் அழுதுவிட்டாள். “மாமா படத்த ஆந்தையோடவே மாட்டிக்கோ. ஆனா நீ இனிமே வீட்டுக்குப் பின்னால போகக் கூடாது. தலையாட்டு” என்றாள். ஆட்டினேன்.

அதனால்தான் இந்த நினைவு மலரின் அட்டையில் ஆந்தை இருக்கிறது. யாரும் பயப்பட வேண்டாம். தம்பியைத் தூக்கி வந்த பக்கத்து வீட்டு வசந்தாவின் பிள்ளைகளுக்கும், காரியம் முடியும்வரை எங்களுக்குச் சோறு கொடுத்தனுப்பிய தெருக்காரர்களுக்கும், கோட்டுக்குக் கூலி வாங்காத பாய்க்கும் எங்கள் கும்பிடு. பனை வேலியோரம்தான் நிற்கிறது. வீடு கட்டுகிறவர்கள் நேற்று அதில், வெட்டுவதற்கு, சுண்ணாம்பால் கோடு போட்டுப் போனார்கள். விடிகாலையில் என் ஜன்னல் சன்ஷேடில் யாரோ மூச்சு வாங்குகிற மாதிரி ‘ஹ்ஸ்’ஸென்று ஒரு சத்தம்...

“தோ பாரு வசந்தா, வேலியாண்ட செவப்பா மினுக்குது. கலா, அந்த டார்ச்சக் குடுமா. எழுதனது போதும், பேனாவ மூடு. தலயாட்டினேன், இல்லன்னு சொல்லல. பேட்டரி மட்டும் மாத்திட்டு தோ வந்துட்றேன்.”