முன்னால் மாட்டிக்கொண்ட சீட்

எங்கள் காரின் டிரைவர் சீட் முன்பக்கமாகப் போய் மாட்டிக்கொண்ட அன்று மிகவும் வருத்தப்பட்டவர் என் கணவர். நானும் வருத்தப்பட்டதாகக் காட்டிக்கொண்டேன்.

அது மாசி மாதம். தக்காளிக்கு நல்ல விலை கிடைத்துக்கொண்டிருந்த வாரம். வழக்கமாக வரும் மினி லாரிக்காரர் வீட்டில் ஒரு சாவு. பறித்து வைத்த தக்காளி வாசலில் பிளாஸ்டிக் பெட்டிகளில், கிரேட் கிரேட்டாக உட்கார்ந்திருந்தது. என் கணவர் காரின் பின்சீட்டைக் கழற்றிப் போட்டுவிட்டு அடுக்க ஆரம்பித்தார். இடம் போதவில்லை. டிரைவர் சீட்டை முடிந்த மட்டும் முன்னால் இழுத்துவிட்டு, அதன் முதுகுக்குப் பின்னால் இன்னும் இரண்டு கிரேட்டைச் செருகினார். தானும் உட்கார்ந்து ஓட்ட வேண்டும் என்பது அப்புறம்தான் அவருக்கு நினைவு வந்தது. அவர் அப்படித்தான். எதிலும் முதலில் கை போகும், யோசனை பின்னால் வரும்.

இரண்டு கிரேட்டையும் இறக்கிவிட்டுச் சீட்டைப் பின்னால் தள்ளப் பார்த்தார். அசையவில்லை. சீட்டுக்கு அடியில் முன்பக்கம் ஒரு கம்பி இருக்கும், அதைத் தூக்கினால் பூட்டு விடுபட்டு, சீட் தண்டவாளத்தில் நகரும். அந்தக் கம்பி மேலே வரவே மாட்டேன் என்றது. அவர் ஆறடிக்கு ஒரு விரல் குறைவு. உட்கார்ந்து பார்த்தார். முழங்கால் இரண்டும் ஸ்டீயரிங்குக்கு இரண்டு பக்கமும் மேலே வந்து நின்றன. நான் கைப்பையோடு பஸ்ஸுக்குக் கிளம்பி வாசலில் நின்றுகொண்டிருந்தேன். சிரிக்கக் கூடாது என்று வானத்தைப் பார்த்தேன்.

"மார்க்கெட்டு முடிஞ்சிடும்," என்றார். பிறகு என்னை ஏற இறங்கப் பார்த்தார். நான் ஐந்தடிக்குக் கொஞ்சம் மேலே. "நீ ஓட்டறயா?"

எனக்கு லைசென்ஸ் கிடைத்து நான்கு வருடம் ஆகியிருந்தது. தருமபுரியில் ஓட்டக் கற்றுக்கொண்டேன். அதன் பிறகு நான் ஸ்டீயரிங்கைத் தொட்டது காரைத் துடைக்கும்போது மட்டும். கேட்கும்போதெல்லாம் அவர் சொல்வது ஒன்றுதான்: "கரும்பு டிராக்டரு, லாரின்னு வர்ற ரோடு. பொறவு பாத்துக்கலாம் டீச்சரு." அவருக்குச் சிரிப்பு வந்தாலும் கோபம் வந்தாலும் நான் டீச்சர்தான்.

அன்று பாலக்கோடு மார்க்கெட்டுக்கு நான் ஓட்டினேன். வழியெல்லாம் பக்கத்தில் உட்கார்ந்து, இல்லாத பிரேக்கைக் காலால் மிதித்துக்கொண்டே வந்தார். "கொஞ்சம் ஒதுங்கு, ஹாரன் அடி, அவன் உள்ள வருவான் பாரு." தக்காளியை இறக்கியதும் எனக்குப் பள்ளிக்கு நேரமாகிவிட்டது. காரை எடுத்துக்கொண்டு போகச் சொன்னார். அவருக்கு வேறு வழியில்லை, ஓட்டத்தான் முடியாதே. அவர் பஸ் ஏறி வீட்டுக்குப் போனார்.

எங்கள் பள்ளி தருமபுரிப் பக்கம் ஒரு கிராமத்தில் இருக்கிறது. எங்கள் ஊரிலிருந்து பஸ் ஏழே காலுக்கு, அதை விட்டால் ஒன்பதுக்கு. ஒன்பது மணி பஸ்ஸில் போனால் பிரேயர் முடிந்துவிடும். அதனால் பதினோரு வருடமாக ஏழே கால் பஸ்ஸில் போய், பூட்டிய பள்ளியின் படிக்கட்டில் ஒரு மணி நேரம் உட்கார்ந்திருக்கிறேன். சாயங்காலமும் அப்படித்தான். கார் வந்த பிறகும் அப்படித்தான். அவர் வயலுக்குப் பைக்கில் போய்விடுவார். கார் வாரம் முழுவதும் கொட்டகையில் தார்ப்பாய் போர்த்திக்கொண்டு தூங்கும். அந்தக் காரிலேயே நான் பள்ளிக்குப் போகலாம் என்பது எனக்கு அதுவரை தோன்றவே இல்லை. மறுநாள் எட்டரைக்கு வீட்டை விட்டுக் கிளம்பி மணியடிக்கும் முன்பே பள்ளிக்குள் நுழைந்தபோதுதான் தோன்றியது. தோன்றியதும் கோபம் வந்தது. அவர் மேல் பாதி, என் மேல் பாதி.

சீட்டைச் சரி செய்ய மெக்கானிக் இரண்டு நாள் காரை விட்டுவிட்டுப் போகச் சொன்னார். சீட்டையே மாற்ற வேண்டியிருக்கலாம் என்றும் பயமுறுத்தினார். "நாலு போல்ட்டு. நானே கழட்டறன்," என்று என் கணவர் வீம்பாகச் சொல்லிவிட்டு வந்தார். ஆனால் தக்காளி முடிகிற வரை அவருக்கு ஞாயிற்றுக்கிழமையும் கிடையாது. அந்த ஐந்து வாரமும் கார் என்னுடையது.

இரண்டாம் நாளே நான் ஒன்றைக் கண்டுபிடித்துவிட்டேன். பள்ளி வாசலில் காரை நிறுத்தும்போது பேனா சீட்டுக்கு அடியில் விழுந்தது, குனிந்து தேடினேன். தண்டவாளத்தில், பூட்டின் பல்லுக்கும் கம்பிக்கும் நடுவில், பளபளவென்று ஒரு புளியங்கொட்டை. அதற்கு முந்தின வாரம் புளியையும் கொட்டையையும் தனித்தனிச் சாக்கில் காரில் ஏற்றி வந்திருந்தோம். கொட்டைச் சாக்கு கிழிந்து கார் முழுக்க உருண்டது. பொறுக்கியதில் தப்பியது இது. ஒரு ஹேர்பின் போதும், நெம்பினால் வெளியே வந்துவிடும். ஹேர்பின்னை எடுத்தேன். நெம்பவில்லை. கட்டை விரலால் அழுத்தி அதை இன்னும் உள்ளே தள்ளினேன்.

பிள்ளைகளுக்குப் பொய் சொல்லக் கூடாது என்று பாடம் நடத்துகிறவள் நான். அன்று கரும்பலகைப் பக்கம் திரும்பியே நின்று நடத்தினேன்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். அந்த சீட் எனக்கும் சரியாக இல்லை. அவ்வளவு முன்னால் இருந்தால் என் முழங்காலும் தட்டும். கிளட்சை மிதித்து மிதித்து இடது தொடை வலித்தது. வாய் திறக்கவில்லை. வலிக்கிறது என்று சொன்னால் அன்றே சரி செய்துவிடுவாரோ என்று பயம்.

பங்குனியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, செல்போனில் ஏதோ வீடியோவை ஓடவிட்டு வாசலில் வைத்துக்கொண்டு ஸ்பேனரோடு உட்கார்ந்தார். வீடியோ இந்தியில் இருந்தது. அவருக்கு இந்தியில் ஒரு வார்த்தை தெரியாது. "கை என்ன பண்ணுதுன்னு பாத்தாப் போதும்," என்றார். பேட்டரி வயரைக் கழற்றினார். பின்னால் இருந்த இரண்டு போல்ட்டும் சுலபமாக வந்தன. முன்னால் இருந்தவைதான் சோதித்தன. சீட் முன்னால் போய் அவற்றை மூடிக்கொண்டிருந்தது. தலையைப் பெடலுக்குப் பக்கத்தில் வைத்து, ரிங் ஸ்பேனரைக் கால் சுற்று, கால் சுற்றாகத் திருப்பினார். நான் டார்ச் பிடித்தேன்.

பத்து மணிக்கு சீட் வெளியே வந்து கோணிச்சாக்கின் மேல் கவிழ்ந்து படுத்தது. தண்டவாளத்தில் தக்காளிச் சாறு காய்ந்து துருவோடு சேர்ந்து அப்பியிருந்தது. மண்ணெண்ணெயும் பழைய பல் துலக்கும் பிரஷும் கொடுத்தேன். தேய்த்துக்கொண்டே போன கை நின்றது. ஸ்க்ரூ டிரைவர் முனையால் நெம்பினார். கொட்டை துள்ளி வாசலில் விழுந்தது.

"அட, புளியங்கொட்ட!" எடுத்து உள்ளங்கையில் வைத்துக்கொண்டு சிரித்தார். "அஞ்சு வாரமா இதா நம்மள ஆட்டி வெச்சுது? பாரேன்."

அப்போது நானும் சிரித்திருந்தால் முடிந்திருக்கும். அவர் அவ்வளவு சந்தோஷமாகச் சிரித்ததுதான் என்னைச் சிரிக்க விடவில்லை.

"எனக்குத் தெரியுங்க," என்றேன்.

"என்னா தெரியும்?"

"அது அங்க இருக்கறது. ரெண்டாம் நாளே பாத்துட்டன். நாந்தான் இன்னும் உள்ள தள்ளினன்."

அவர் கொட்டையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். சிரிப்பு போய்விட்டது. கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். கத்தவில்லை. பிரஷை எடுத்து, சுத்தமாகிவிட்ட இடத்தையே மறுபடி தேய்த்தார்.

"ஒரு வார்த்த கேட்டிருக்கலாமில்ல," என்றார் கடைசியில்.

எனக்குச் சுருக்கென்றது. "கேக்கலியா? நாலு வருசமா கேட்டுட்டுதானுங்க இருக்கறன்."

"ஓட்டிப் பாக்கறன்னு கேட்ட. ஒரு ரவுண்டு போறன்னு கேட்ட. வண்டி எனக்கு வேணும்னு எப்பக் கேட்ட?"

யோசித்துப் பார்த்தேன். அவர் சொன்னது சரிதான். தினம் ஏழே காலுக்கு ஓடுகிறேன், படிக்கட்டில் உட்கார்ந்திருக்கிறேன் என்று ஒரு நாள்கூட அவரிடம் சொன்னதில்லை. அதற்காக அவர் மேல் தப்பே இல்லை என்று ஆகிவிடாது. பஸ் எத்தனை மணிக்கு என்று அவரும் கேட்டதில்லை.

"இப்பக் கேக்கறன்," என்றேன். படிக்கட்டைப் பற்றியும் சொன்னேன். "ஸ்கூல் இருக்கற நாளெல்லாம் வண்டி எனக்கு வேணுங்க."

அவர் தண்டவாளத்துக்கு கிரீஸ் தடவினார். சீட்டைத் தூக்க ஒரு பக்கம் நான் பிடித்தேன். நான்கு போல்ட்டையும் முறுக்கிவிட்டு உள்ளே உட்கார்ந்து, கம்பியைத் தூக்கிப் பின்னால் தள்ளினார். டக் டக் டக்கென்று கடைசி வரை போனது. காலை நீட்டிக்கொண்டு கண்ணை மூடினார். அந்த முகத்தில் இருந்த நிம்மதியைப் பார்த்தபோது எனக்கு வெட்கமாக இருந்தது. தார் ரோடு வரை ஒரு ரவுண்டு தனியாகப் போய் வந்தார். அன்று முழுக்கப் பேச்சில்லை. சோறு போட்டேன், சாப்பிட்டார்.

திங்கட்கிழமை பழைய மாதிரி ஏழு மணிக்கே டிபன் பாக்ஸைக் கட்டினேன். அவர் எனக்கு முன்பே பைக்கை எடுத்துக்கொண்டு வயலுக்குப் போயிருந்தார். கார் சாவி ஆணியில் இல்லை. பதில் இதுதான் என்று நினைத்துக்கொண்டேன். செருப்பைப் போட்டுக்கொண்டு வாசலுக்கு வந்தேன்.

கார் கொட்டகையில் இல்லை. வாசலில், ரோட்டைப் பார்த்துத் திருப்பி நின்றது. தார்ப்பாயை மடித்துத் திண்டாகச் சுவர் ஓரம் வைத்திருந்தார். சாவி வண்டியிலேயே தொங்கியது. டிரைவர் சீட் முன்னால், ஐந்து வாரம் நான் உட்கார்ந்திருந்த அதே இடத்துக்கு இழுத்து வைக்கப்பட்டிருந்தது. எனக்கு அதுதான் அளவு என்று நினைத்திருக்கிறார். அவரைச் சொல்லிக் குற்றமில்லை, நான்தானே சொல்லவில்லை.

ஏறி உட்கார்ந்தேன். முழங்கால் தட்டியது. குனிந்து கம்பியைத் தூக்கி, சீட்டை ஒரு பல் பின்னால் தள்ளினேன். டக்கென்று உட்கார்ந்தது. கிளட்சை மிதித்துப் பார்த்தேன், கால் சரியாக எட்டியது. மணி ஏழு பத்து. கதவைத் திறந்து இறங்கி, வீட்டுக்குள் போய் நிதானமாக ஒரு டீ போட்டுக் குடித்தேன்.