பெயர் போன படங்கள்

காரைக்காலில் ஒரு ஸ்கேன் சென்டரில் எக்ஸ்ரே எடுப்பது என் வேலை. நெடுங்காட்டிலிருந்து பஸ்ஸில் வந்துபோகிறேன். ஐப்பசி மழை விட்டுவிட்டுப் பெய்துகொண்டிருந்த ஒரு நாள், வரிச்சிக்குடியிலிருந்து ஓர் அம்மாவும் அவர் மகளும் வந்தார்கள். அம்மாவுக்கு ஐம்பது வயது இருக்கும். நடவு வேலைக்குப் போகிறவர். விடாத இருமல். நான் எடுத்த படத்தில், வலது நுரையீரலின் மேல்பக்கம் சுண்டைக்காய் அளவுக்கு ஒரு வெள்ளைப் புள்ளி தெரிந்தது.

எங்கள் டாக்டரம்மா அதையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கேட்டார்: "முன்னாடி எப்பவாவது நெஞ்சுப் படம் எடுத்திருக்கீங்களா?"

"இங்கதாங்க எடுத்தோம்," என்றாள் மகள். "மூணு வருஷம் இருக்கும். வண்டியிலேருந்து விழுந்து இடது தோள்பட்டைக்கிட்ட எலும்பு முறிஞ்சிருச்சு. அந்த ஃபிலிம் மழைத் தண்ணியில நனைஞ்சு வீணாப் போச்சுங்க."

"அந்தப் படத்துலயும் இது இதே அளவுல இருந்தா, பழைய தழும்பாத்தான் இருக்கும். இல்லன்னா புதுசா வந்தது. பாண்டிச்சேரிக்குப் போயி ஊசி போட்டு சதை எடுத்துப் பாக்கணும்." டாக்டரம்மா என் பக்கம் திரும்பினார். "கம்ப்யூட்டர்ல இருக்கும்ல? எடும்மா. நான் நாகப்பட்டினம் கிளம்பணும்."

முந்தின நாள்தான் கரண்ட் போய்ப் போய் வந்ததில் அந்தக் கம்ப்யூட்டர் அணைந்து, மறுபடி போட்டதும் தானாகவே ஹார்டு டிஸ்க்கைச் சோதிக்க ஆரம்பித்தது. சோதித்து முடித்தபோது பழைய படங்கள் இருந்த ஃபோல்டர்கள் ஒன்றையும் காணோம். அதைச் சொன்னதும் டாக்டரம்மா கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். "எப்படியாவது பாரு," என்றார்.

எங்களுக்குக் கம்ப்யூட்டர் பழுதுபார்ப்பவருக்குப் போன் போட்டேன். அவர் திருநள்ளாற்றில் ஏதோ வேலையில் இருந்தார்.

"அந்த டிரைவ்ல புதுசா எதையும் சேவ் பண்ணிடாதீங்க. மறைஞ்சிருக்கிற ஃபைலைக் காட்டச் சொல்லி டிக் போடுங்க. 'ஃபவுண்ட்'னு ஒரு ஃபோல்டர் வரும். உடைஞ்ச துண்டெல்லாம் அதுலதான் கெடக்கும். வேற டிஸ்க்குக்குக் காப்பி பண்ணிட்டு, ஃபைல் பேர்ல புள்ளிக்கு அப்புறம் வர்ற எழுத்தைப் படத்துக்குப் போடுறதா மாத்தித் தொறந்து பாருங்க."

டிக் போட்டேன். மங்கலாக ஒரு ஃபோல்டர் எழுந்து வந்தது. உள்ளே வரிசையாகத் துண்டுகள். ஆள் பெயரும் இல்லை, தேதியும் இல்லை, வெறும் எண்கள். சில திறக்கவே இல்லை. சில பாதி வரை படமாகவும் அதற்குக் கீழே சாம்பல் நிறப் பட்டையாகவும் வந்தன. யாருடையதோ முழங்கால். யாருடையதோ விரல்கள். நெஞ்சுப் படம் வரும்போதெல்லாம் இடது தோளெலும்பைப் பார்த்தேன்.

மகள் கதவருகில் வந்து நின்றாள். "கெடைச்சிருச்சாக்கா?"

"தேடிக்கிட்டிருக்கேம்மா. உக்காருங்க."

அவள் உட்காரவில்லை.

கடைசியில் ஒன்று கிடைத்தது. இடது தோளெலும்பு முறிந்த நெஞ்சுப் படம். மேல்பாதி தெளிவாக இருந்தது. வலது நுரையீரலில் புள்ளி இல்லை. துடைத்துவிட்டாற்போல் இருந்தது. அப்படியானால் இது புதிதாக வந்ததுதான். மகள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் பக்கம் திரும்பாமல் டாக்டரம்மாவைக் கூப்பிட எழுந்தேன்.

எழுந்தவள் உட்கார்ந்துவிட்டேன். இது அந்த அம்மாவுடையதுதான் என்று எதை வைத்துச் சொல்வது? சற்றுமுன் நான் எடுத்த படத்தைப் பக்கத்தில் திறந்தேன். அதில் வலதுபக்க மூன்றாவது விலா எலும்பு, முன்நுனியில் கவட்டை மாதிரி இரண்டாகப் பிரிந்திருந்தது. சிலருக்குப் பிறவியிலேயே அப்படி இருக்கும். பழைய படத்திலோ எல்லா விலாவும் ஒற்றையாக இருந்தன. இது வேறு யாரோ.

"என்னக்கா?" என்றாள் மகள்.

"இது இல்லம்மா. இன்னும் பாக்குறேன்."

வாசலில் டாக்டரம்மாவின் டிரைவர் வண்டியை எடுத்து நிறுத்தும் சத்தம் கேட்டது. அடுத்தடுத்துத் திறந்தேன். இடுப்பு. முதுகெலும்பு. திறக்காத நாலைந்து. அப்புறம் இன்னொரு நெஞ்சு. இடது தோளெலும்பு முறிந்து விலகி நின்றது. வலதுபக்கம் மூன்றாவது விலாவை எண்ணினேன். கவட்டை. அதற்குப் பக்கத்தில், சாம்பல் பட்டை தொடங்கும் இடத்துக்குச் சற்று மேலே, அந்த வெள்ளைப் புள்ளி.

"மேடம்!" என்று நான் கத்தியது வெளியே காத்திருந்தவர்களுக்கெல்லாம் கேட்டிருக்கும்.

டாக்டரம்மா வந்து குனிந்தார். "பேரே இல்லையே. இவங்களோடதுதானா?"

விலாவைக் காட்டினேன். அவர் இரண்டு படத்திலும் விரல் வைத்து எண்ணினார். பிறகு புள்ளியை அளந்தார். இன்னொரு முறையும் அளந்தார். "இவங்களோடதுதான். வளரவே இல்ல," என்றார். "அன்னைக்கு எல்லாரும் எலும்பைத்தான் பாத்திருக்காங்க. எதுக்கும் ஒரு சி.டி. ஸ்கேன் எடுத்துருவோம். ஊசி இப்ப வேணாம்."

மகள் சுவரோடு சாய்ந்து அழுதாள். அந்த அம்மா எழுந்து வந்து அவள் தோளில் ஒரு தட்டு தட்டினார். "நல்ல சேதி சொல்றாங்க, இப்ப எதுக்கு அழுவுற?" என்னிடம் திரும்பி, "நாளைக்கு நடவு இருக்கு பாப்பா, போவலாம்ல?" என்றார்.

"இருமலுக்கு மருந்து எழுதித் தருவாங்கம்மா. அதைச் சாப்பிட்டு, ரெண்டு நாள் வீட்டுல இருங்க."

"பாப்போம்," என்றார்.

சி.டி.யிலும் அது எப்போதோ வந்து ஆறிப்போன தழும்பு என்றே வந்தது. ஆனால் அன்றைக்கு, அவர்கள் போன பிறகும், முதலில் கிடைத்த வேறு யாருடையதோ படத்தைக் காட்டியிருந்தால் என்ற எண்ணம் என்னை விடவே இல்லை. அடுத்து வந்தவரைக் கொஞ்சம் காத்திருக்கச் சொல்லிவிட்டு, ஒரு சொம்பு தண்ணீரை நின்றபடியே குடித்தேன்.