ஷாக் பெட்டியும் சந்தேக சிஸ்டரும்

எங்கள் வார்டின் தலைமைச் செவிலிக்கு நாங்கள் வைத்த பெயர் சந்தேக சிஸ்டர். வீட்டில் பால் பாக்கெட்டைக்கூட இரண்டு முறை திருப்பித் தேதி பார்ப்பாளாம்; அவள் கணவர் சொல்லிச் சிரிப்பார். இருபத்திரண்டு வருடம் கூடவே வேலை பார்த்தவள் நான். நான் எண்ணிக் கொடுத்த மாத்திரையையும் திரும்ப எண்ணுவாள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

ஆனாலும் அவளைக் குறை சொல்ல வாய் வராது. வேலைக்குச் சேர்ந்த புதிதில், டாக்டர் ஒருவர் போனில் சொன்ன ஊசியைப் போட்டாள். நோயாளிக்கு உடம்பெல்லாம் தடித்துவிட்டது. டாக்டரோ, நான் அப்படிச் சொல்லவே இல்லை என்று கழன்றுகொண்டார். மெமோ இவளுக்கு வந்தது. ஆறு மாதம் துணிக்கிடங்கில் போர்வை எண்ணிக்கொண்டிருந்தாள். அதன்பிறகு எழுத்தில் இல்லாத எதையும் அவள் நம்புவதில்லை.

போன வருடம் ஒரு சுற்றறிக்கை வந்தது. நோயாளியின் இதயம் நின்றால் டாக்டருக்காகக் காத்திருக்க வேண்டாம், இரண்டு நிமிடத்துக்குள் செவிலியரே ஷாக் பெட்டியால் நெஞ்சில் மின்சாரம் பாய்ச்சி ஷாக் கொடுக்கலாம் என்று. எதற்கு நம் மேல் திடீரென்று இவ்வளவு பாசம் என்றாள். ஆள் பிழைக்காவிட்டால் யார் பொறுப்பு என்று அதில் ஒரு வரி இல்லை. கண்காணிப்பாளரிடம் போய்க் கேட்டாள். அதெல்லாம் நாங்கள் பார்த்துக்கொள்கிறோம் என்றார். எழுதிக் கொடுங்கள் என்றாள். அவர் சிரித்தார்.

பயிற்சிக்கு ரப்பர் பொம்மை கொண்டுவந்தார்கள். எங்கள் எல்லாரையும்விட வேகமாகச் செய்தவள் அவள்தான். சொல்லிக்கொடுத்தவர் கைதட்டினார். "பொம்மைக்குப் பொண்டாட்டி இல்ல, நம்ம மேல கேஸ் போட" என்று என் காதில் சொன்னாள்.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை, ஆறாம் கட்டில் தையல்காரர் பேச்சை நடுவில் நிறுத்தினார். கண் செருகியது. மறுநாள் வீட்டுக்குப் போக வேண்டிய மனிதர். நான் பாய்ந்து நெஞ்சை அழுத்தத் தொடங்கினேன். அவள் பத்து நொடியில் ஷாக் பெட்டியின் பட்டைகளை அவர் நெஞ்சில் ஒட்டிவிட்டாள். பெட்டி தானே இதயத்தைச் சோதித்து, ஷாக் பொத்தானை அழுத்தும்படி குரல் கொடுத்தது. நான் கையை எடுத்தேன். அவள் விரல் பொத்தானுக்கு மேலேயே நின்றது. கண் வாசலில் இருந்தது.

கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்த பெட்டி, ஏற்றிய மின்சாரத்தைத் தானே இறக்கிவிட்டது. நான் மறுபடி நெஞ்சை அழுத்தினேன். பெட்டி மறுபடி சொன்னது.

"அழுத்துடி" என்றேன்.

"ஏதாவது ஆச்சுன்னா நான்தான் கொன்னேன்னு சொல்லுவாங்க."

உண்மையைச் சொல்கிறேன். நானும் அந்தப் பொத்தானை அழுத்தியிருக்கலாம். எனக்கும் அதே பயிற்சிதான். என் மேலேயே பழி விழும்படி இவள் வேண்டுமென்றே நிற்கிறாளோ என்றுகூட அந்த நேரத்தில் தோன்றியது. வெட்கமாக இருக்கிறது. டாக்டர் மூச்சிரைக்க ஓடி வந்து, பெட்டி சொன்னதும் அதே பொத்தானை அழுத்தினார். அதற்குள் மூன்று நிமிடம் கூடுதலாகப் போயிருந்தது.

தையல்காரர் பிழைத்தார். ஆனால் மகள் பெயர் அவருக்கு நினைவு வரவில்லை. சட்டைப் பொத்தானை எந்தத் துளையில் மாட்டுவது என்று தெரியாமல் விழித்தார். உடனடியாக ஷாக் கொடுக்கப்பட்டது என்று கண்காணிப்பாளர் அறிக்கை எழுதினார். எங்கள் இருவருக்கும் பாராட்டு வேறு.

வீட்டுக்குக் கூட்டிப்போகும் நாளில் தையல்காரரின் மனைவி எங்கள் மேசைக்கு வந்தாள். இதய நோய் என்றால் ஞாபகம் இப்படித்தான் போகும் என்று பெரிய டாக்டர்கள் சொல்கிறார்களே, நிஜமா என்று கேட்டாள். நான் மேசைக்கடியில் சந்தேக சிஸ்டரின் காலை மிதித்தேன். இவள் காலை இழுத்துக்கொண்டாள்.

"இல்லம்மா. ஷாக் தாமதமாத்தான் கொடுத்தோம். டாக்டர் வரட்டும்னு நான் வாசலைப் பார்த்துக்கிட்டு நின்னேன். பயம்."

அந்தப் பெண் அழவில்லை, கத்தவில்லை. இவளைப் பார்த்துக் கேட்டாள்.

"உங்க வீட்டுக்காரர் அந்தக் கட்டில்ல இருந்திருந்தா?"

இவள் ஏதாவது பூசி மெழுகுவாள் என்றுதான் நினைத்தேன்.

"அழுத்தியிருப்பேன்" என்றாள்.