தலைமாட்டில் போன் வைக்கும் யோகா

போன வியாழக்கிழமை காலை பத்தரை மணிக்கு நான் பிணம் மாதிரி கிடந்தேன்.

பயப்படாதீர்கள்... சவாசனம்! யோகா வகுப்பின் கடைசிப் பத்து நிமிடம். கண்ணை மூடி, கை காலைப் பரப்பி, உடம்பைத் தரையிடம் ஒப்படைத்துவிட வேண்டும். அந்த ஒப்படைப்புதான் எனக்கு வரவே மாட்டேன் என்கிறது.

'எந்த யோகா நல்லது?' என்று வாசகர்கள் பலர் கேட்டு எழுதியிருந்தீர்கள். நானும் இரண்டு மாதமாக அதைத்தான் தேடி அலைகிறேன். பிரஷர் ஏறிவிட்டது, தூக்கம் போய்விட்டது. "மாத்திரையோட யோகாவும் போங்க" என்றார் டாக்டர். எந்த யோகா என்று சொல்லவில்லை. சிவகாசியில் இத்தனை வகை இருக்கும் என்று நான் கண்டேனா?

முதலில் பவர் யோகா, ஒரு ஜிம் மாடியில். குதி, குனி, நிமிர்... எல்லாம் பாட்டுக்குத்தான். ஸ்பீக்கர் அலறியது. மற்றவர்கள் உற்சாகமாக இருந்தார்கள். எனக்கு மட்டும் காது ஜன்னல் பக்கமே இருந்தது. இந்தச் சத்தத்தில் வெளியே ஏதாவது வெடித்தால் எப்படிக் கேட்கும்? மூன்றே நாளில் நின்றுவிட்டேன்.

அடுத்தது மூச்சுப் பயிற்சி. அமைதியான ஹால், ஊதுபத்தி வாசனை, நல்ல மாஸ்டர். ஆனால், வாசலில் ஒரு கூடை. போனை அணைத்து அதில் போட்டுவிட்டுத்தான் உள்ளே போகவேண்டும். "ஒரு மணி நேரம் உலகத்தை மறந்துருங்கம்மா" என்றார்.

உலகத்தை மறந்துவிடலாம் ஐயா. தாயில்பட்டிப் பக்கம் பட்டாசுக் கம்பெனியில் போர்மேனாக இருக்கும் என் வீட்டுக்காரரை எப்படி மறப்பது?

மூன்றாவதாகத்தான் ஷகிலா டீச்சரிடம் வந்தேன். ஓர் அச்சாபீஸ் மாடியில் வகுப்பு. நிதானமான ஆசனங்கள், அவசரமே கிடையாது. போனை என்ன செய்ய என்று தயங்கித் தயங்கிக் கேட்டேன்.

"தலைமாட்டுலயே வச்சுக்கோங்கக்கா, சவுண்டும் இருக்கட்டும். இங்கன வாரவுக எல்லாருக்கும் ஒரு ஆளு பட்டாசுக் கம்பெனிக்குள்ள இருக்கு" என்றார். அன்றே பணம் கட்டிச் சேர்ந்துவிட்டேன்.

வியாழக்கிழமைக்கு வருகிறேன். சவாசனத்தின் நடுவே... 'தொம்'!

காதுக்கு முன்னால் அது தரை வழியாக முதுகுக்கு வந்துவிட்டது. ஜன்னல் கண்ணாடிகள் அதிர்ந்தன. எல்லாப் பிணங்களும் ஒரே நேரத்தில் எழுந்து உட்கார்ந்தன. பக்கத்துப் பாயில் இருந்த மாரியம்மாள் ஜன்னலுக்கு ஓடினார். அவர் மகளும் பட்டாசு வேலைக்குத்தான் போகிறாள். "புகை எதும் தெரியலையேக்கா... மரம் மறைக்குதே!" என்று கத்தினார்.

நான் வீட்டுக்காரருக்குப் போன் போட்டேன். ரிங் போனது. யாரும் எடுக்கவில்லை.

வெளியூர்க்காரர்களுக்கு ஒன்று சொல்லவேண்டும். கம்பெனிக்குள் போன் கொண்டுபோகக் கூடாது. எல்லார் போனும் கேட்டில், வாட்ச்மேன் அறை அலமாரியில்தான் கிடக்கும். ஆக, ரிங் போனால் கேட் பத்திரம் என்று அர்த்தம். உள்ளே? அதை அந்த போன் சொல்லாது.

மறுபடி போட்டேன். சட்னி உறைப்பு என்று சொன்னதற்காக அன்று காலை அவர் மேல் எரிந்து விழுந்திருந்தேன். அதுதான் கடைசிப் பேச்சோ? இன்னொரு தடவை போட்டேன்.

மூன்றாவது தடவை வாட்ச்மேன் எடுத்தார்.

"யக்கா, இங்கன ஒண்ணுமில்ல. கல்குவாரியில வச்ச வேட்டு. அம்புட்டு போனும் ஒண்ணா அடிக்குது, நான் எதைத்தான் எடுக்க? வைங்க!"

அவ்வளவுதான். திரும்பிப் பார்த்தால், மாரியம்மாளுக்கும் 'ஒன்றுமில்லை' என்று பதில் வந்திருந்தது. சுவரோரம் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தார். ஷகிலா டீச்சர் மெதுவாக, "சரி, எல்லாரும் மூச்சை விடுங்க" என்றார். அதுவரை ஒருவரும் விடவே இல்லை என்பது அப்போதுதான் தெரிந்தது.

எந்த யோகா நல்லது? முதுகுக்கு எது, மூட்டுக்கு எது என்று டீச்சர்கள் சொல்வார்கள். பயத்தைச் செருப்போடு வெளியே விட்டுவிட்டு வா என்கிற வகுப்பு எனக்கு ஒத்துவரவில்லை. பாயில் அதற்கும் கொஞ்சம் இடம் கொடுக்கிற வகுப்பாகப் பாருங்கள் என்பேன்.

சாயங்காலம் வீட்டுக்காரர் வந்தார், முழுசாக. கால் கழுவிக்கொண்டே கேட்டார்.

"இன்னைக்கு என்னத்தச் சொல்லிக் குடுத்தாக?"

"மூச்சை அடக்குறது."

"எம்புட்டு நேரம்?"

"வாட்ச்மேன் போனை எடுக்குற வரைக்கும்."